சாமியும் இல்லை, முட்டியும் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, பேய் பிடிக்கவில்லை, சாமியும் வரவில்லை. இந்த மூன்றையும் சொன்னவர்கள் எங்கள் ஊர் மாசாயில் இன்றும் நடமாடுகிறார்கள். கடைத்தெருவில் பார்த்தால் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். எழுத உட்கார்ந்தால்தான் சிரிப்பு வருவதில்லை, கோபம் வருகிறது. கோபத்தோடுதான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

நான் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். திடலை இரண்டு சுற்று. நூறு மீட்டர்காரிக்குப் பயப்பட நேரம் கிடையாது. வெடிச் சத்தம் கேட்டால் ஓடி முடித்துவிடுவாள். நீண்ட தூரம் ஓடுகிறவள் நன்றாகப் பயந்து முடித்த பிறகும் அவளுக்கு ஓடத் தூரம் மிச்சம் இருக்கும். எண்ணூறு மீட்டர் இரண்டுங்கெட்டான். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தும் போனது.

அந்த ஓட்டத்தை வைத்துத்தான் ஜொகூரில் ஒரு கல்லூரியில் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. விளையாட்டு ஒதுக்கீடு. ஓட்டக் குழுவில் பெயர் இருக்கும்வரை விடுதியில் அறை உண்டு. பெயர் போனால் அறையும் போகும். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் மனப்பாடம். அம்மா பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அப்பா விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போவார். அங்கே ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுப் பிரிவில் சமையல். சமையல் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பேன்கேக் சுடுவது. வருஷக்கணக்காக, ஊர் பேர் தெரியாத விருந்தாளிகளுக்கு, காலை முழுக்க பேன்கேக்.

இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டி. ஓட்டத்துக்கு முன்னால் பெயர் சரிபார்த்து எங்களைக் கூடாரத்துக்குள் வரிசையாக உட்கார வைப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது விரல் நுனி மரத்துப்போனது. பிறகு உதடு. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன், அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. இதோ செத்துப் போகப் போகிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். கூடாரத்துக்குப் பின்னால் ஓடி, காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றை மொத்தமாக வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஓடினேன். கடைசியாக வந்தேன்.

பழியைத் தூக்கி நாசி லெமாக்கின் மேல் போட்டேன். அடுத்த முறை ரொட்டி மட்டும் தின்றேன், அதுவும் வெளியே வந்தது. அதற்கடுத்த முறை ஒன்றும் தின்னவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வாந்தியும் இல்லை, பார்த்தீர்களா? இப்படித்தான் என் மூளை கணக்குப் போட்டது. போட்டிக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தவள் பயிற்சிக்கு முன்னாலும் நிறுத்தினேன். பயிற்சி தினமும் இருந்தது. கொஞ்ச நாளில், தட்டைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

இதில் என்ன கொடுமை என்றால், எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

எங்கள் பயிற்றுநர் நம்மாள்தான். எஸ்டேட்டில் பிறந்து, வெறுங்காலில் ஓடிப் பெயர் வாங்கியவர். கெட்டவர் இல்லை. அவர் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார். "லேசாயிட்ட மா. டைமிங் எப்படி எறங்குது பாரு! இப்படியே வச்சிக்க லா, விட்டுராத." முதல் சில வாரம் நேரம் இறங்கியது உண்மைதான். பிறகு ஏறியது. அப்போது, "மனசு வக்கணும் மா, மனசு" என்றார். மனசு எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் வைத்திருக்க மாட்டேனா?

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். ஒரு வார இறுதியில் அம்மா கோழி பிரட்டல் செய்திருந்தாள். ஷிப்டு முடிந்து வந்து, தூங்காமல், எனக்காகச் செய்தது. நான் சோற்றைத் தட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். கோழியைத் தொடவே இல்லை. அம்மா தட்டைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"ஏய், விரதமாடி? சொல்லவே இல்ல?"

அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "ஆமாம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லையே என்று கேட்க அந்த வீட்டில் ஆளே இல்லாமல் போனது.

எங்கள் வீடுகளில் ஒருத்தர் விரதம் இருந்தால் வீடே விரதம். அம்மா குளிர்பெட்டியைக் கழுவினாள். பெலாச்சான் இறால் விழுது போன இடம் தெரியவில்லை. அப்பா ஒளித்து வைத்திருந்த கருவாடு பக்கத்து வீட்டுக்குப் போனது. எனக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், தரையில் பாய். சிம்பாங் ரெங்கத்தில் இருந்த சித்திக்குப் போன் போட்டு, "எம்பொண்ணு பாலும் பழமும்தான்! படிப்பு, ஓட்டம் எல்லாத்துக்கும் நடுவுல! இந்தக் காலத்துல யாரு இருக்கா சொல்லு?" என்று பீற்றிக்கொண்டாள். அந்தப் பாலும் பழமும்கூட பாதிநாள் எனக்குள் இறங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இடையில் எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. அதைச் சொன்னால் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போவாள் என்று நினைத்தேன். அவளோ கண்ணீர் விட்டாள், சந்தோஷக் கண்ணீர். "பாத்தியா, வெரதத்துக்குத் தடங்கல் வரக்கூடாதுன்னு சாமியே பாத்துக்கிட்டாரு."

 என் தனி டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. நான் வீட்டுக்கு வரும் வாரங்களில் அவருக்கு ஓய்வு நாள் அமைந்தால் பேன்கேக் சுட்டுத் தருவார். அது எங்களுக்குள் சின்ன வயதிலிருந்து இருந்த பழக்கம். அதில் முட்டை உண்டே! அம்மா கரண்டியோடு அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டாள். "முட்டைய எடுத்துட்டு உள்ள வந்தீங்க, நடக்குறதே வேற."

"முட்ட இல்லாம பேன்கேக்கா? அதுக்குப் பேரு பசை. செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்."

"ஒட்டுங்க. எம்பொண்ணு வெரதம் கெடக்கூடாது."

மனுஷன் விடவில்லை. பீசாங் மாஸ் வாழைப்பழத்தை மசித்துப் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் புளிக்காடி விட்டுப் பார்த்தார். அம்மாவின் தோசைக்கல்லைத் தொடக்கூடாது என்று தடை இருந்ததால் புதிதாக ஒரு சட்டி வாங்கி வந்தார். முதல் வாரம் வந்தது ரப்பர். இரண்டாவது வாரம் நடுவில் வேகாமல் கூழாக இருந்தது. மூன்றாவது வாரம் நிஜமாகவே பொங்கி வந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் சன்னமாக மொறுமொறுப்பு. தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, ஜெயித்துவிட்ட மாதிரி அம்மாவைப் பார்த்தார்.

அதை நான் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்து, விடுதிக்குக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன். மூன்று வாரமும் அப்படித்தான் செய்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடவுளுக்குப் பொய் சொன்னதாக என்னை ஏசியவர்கள் உண்டு. அதற்கு நான் வெட்கப்பட்டதே இல்லை. அந்தக் குப்பைத்தொட்டிக்குத்தான் வெட்கப்படுகிறேன்.

தைப்பூசம் நெருங்க நெருங்க அம்மாவின் பக்தி என்னைத் தாண்டிப் போய்விட்டது. இவ்வளவு கடுமையாக விரதம் இருக்கும் பெண் சும்மாவா கோயிலுக்குப் போவது? பால்குடம் எடுப்பதாக அவளே வேண்டிக்கொண்டாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நான் ஜெயிக்க வேண்டும் என்பது வேண்டுதல். மஞ்சள் சேலை வாங்கி வந்தாள். எனக்கு அது இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொண்டது. அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

அன்று காலை தார்ச்சாலையில் நடந்துகொண்டிருந்தோம். தலையில் குடம், முன்னால் அப்பா, பக்கத்தில் அம்மா. எனக்குப் பின்னால் ஒரு உறுமி மேளக் குழு. வெயில் ஏறியது, கூட்டம் நெருக்கியது. ஒரு வளைவில் மேளம் என் காதோடு வந்து முழங்கியது. விரல் நுனி மரத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. கூடாரத்தில் வந்த அதே சனியன் நடுரோட்டில், தலையில் குடத்தோடு வந்து சேர்ந்துவிட்டது. கை நடுங்கியது, குடம் ஆடியது, பால் முகத்தில் வழிந்தது. மூச்சுக்குத் திணறி வாயைத் திறந்தால் கேவல்தான் வந்தது.

"வந்திருச்சு! வந்திருச்சு! வழிய விடுங்க!"

யாரோ கத்தினார்கள். கூட்டம் வட்டமாக விலகியது. மேளக்காரர்கள் விலகுவார்கள் என்று பார்த்தால் இன்னும் நெருங்கி வந்து, இன்னும் வேகமாக அடித்தார்கள். அருள் வந்தவளுக்கு அதுதானே மரியாதை! ஒருவர் என் நெற்றி நிறைய விபூதியை அப்பினார். ஒருவர் என் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். முகம் தெரியாத ஒரு அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "தாயே, எம்மவனுக்கு வேல கெடைக்குமா, சொல்லு தாயே" என்று கேட்டார். எனக்கு மூச்சு கிடைக்குமா என்று தெரியவில்லை, அவர் மகனுக்கு வேலை வேண்டுமாம்.

பழத்தைத் துப்பினேன். "நான் சாமி இல்ல! விடுங்க!" என்று கத்தினேன்.

"ஆத்தா கோவமா இருக்கா!" என்றது கூட்டம். இரண்டு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்தால் விரதம். நடுங்கினால் அருள். இல்லை என்று சொன்னால் சாமியின் கோபம். எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னைக் கும்பிட ஆள் இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அப்பாவைத் தேடினேன். அவர் கூட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"அப்பா, மூச்சு முட்டுதுப்பா. நான் வெரதமே இல்ல. என்னால சாப்பிட முடியல. ரொம்ப நாளா முடியல."

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாத மனுஷன், மேளக்காரரின் கையைப் பிடித்து, "நிறுத்துங்கடா!" என்று அலறினார். மேளம் நின்றது. என்னை அப்படியே தூக்கிப் போய்த் தண்ணீர்ப் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா என் தலையிலிருந்து குடத்தை வாங்கியிருந்தாள். தூக்கிய குடத்தை வழியில் இறக்கக்கூடாது. அவள் என்னைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு கோயிலை நோக்கி நடந்துவிட்டாள். என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வழிநெடுக அழுதுகொண்டே போனாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். ஆத்திரம் அதனால் குறைந்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "சாமிகிட்டயே பொய் சொல்லிட்டியேடி பாவி!"

"நான் சாமிகிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. உங்ககிட்டதான் சொன்னேன். சாமிக்குத் தெரிஞ்சிதான இருந்திருக்கும்? அவரு ஏன் உங்ககிட்ட சொல்லல?"

அவள் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பா சிங்கப்பூருக்கு லீவு சொல்லிவிட்டு என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண். நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். இரத்தம் எடுத்தார், இதயத்தைச் சோதித்தார். பிறகு இதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியம் உண்டு, இது நிறையப் பேருக்கு வருகிறது என்றார். அது பீதி, பீதியால் சாப்பாட்டின்மேல் வந்த பயம். கொஞ்ச நாளைக்குப் போட்டி வேண்டாம், மனநல ஆலோசகரைப் பார், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, நீ திரும்பவும் ஓடலாம் என்று சொல்லிக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். திரும்பவும் ஓடலாம் என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் நான் அங்கே அழுதேன். அதுவரை அழவில்லை.

கடிதத்தைப் பயிற்றுநரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் கையிலேயே திணித்தார்.

"அலமாக், இத யாருகிட்டயும் காட்டாத மா. ஓய்வு கேக்குற பாரத்துல முட்டி அடின்னு எழுதிரு. நான் கையெழுத்துப் போடுறேன். முட்டின்னா ரெண்டு மாசத்துல திரும்பி வந்துரலாம், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இது மேல போச்சுன்னா ஒன்ன எடுக்கவே மாட்டாங்க. ரூமும் போயிரும். நான் பாக்காததா?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் என்னைக் கலக்கியது. அம்மாவும் அதையே சொன்னாள். என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவள் இதற்காக வாயைத் திறந்தாள். "முட்டின்னே எழுதுடி. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வர்றப்ப நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அந்தப் பாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தைதான் எழுத வேண்டும். எழுதினால் அறை இருக்கும், குழுவில் பெயர் இருக்கும், போட்டி இருக்கும். யோசித்துப் பார்த்தேன். விரதம் என்று சொன்னபோது ஆமாம் என்றேன், அதனால் இரண்டு மாதம் என்னை யாரும் பார்க்கவில்லை. சாமி என்றபோது கத்திப் பார்த்தேன், நடுரோட்டில் செத்திருப்பேன். இப்போது முட்டி என்கிறார்கள். என் முட்டிக்கு என்ன கேடு? நன்றாக வேலை செய்யும் முட்டியின் மேல் எதற்காகப் பழி போட வேண்டும்? முட்டி நொந்தவளுக்கு அனுதாபம், மனம் நொந்தவளுக்கு ஒதுக்கல், இது எந்த ஊர் நியாயம்?

காரணம் என்ற இடத்தில் டாக்டர் எழுதியதை அப்படியே, எழுத்துப் பிசகாமல் எழுதினேன். கடிதத்தைப் பின்னால் குத்தி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பயிற்றுநர் சொன்னபடியே நடந்தது. குழுவிலிருந்து பெயரை எடுத்தார்கள். பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். தலையணையையும் வாளியையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு மாசாய்க்கு வந்து சேர்ந்தேன். தினமும் அங்கிருந்தே போய் வந்தேன். மழையில் நனைந்து வகுப்பில் உட்கார்ந்த நாட்களில், முட்டி என்று எழுதியிருக்கலாமோ என்று தோன்றியதுண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே எனக்கு ரோஷம் வந்துவிடும்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். ஆலோசகர் சொன்னார், ஒரு நாளைக்கு ஒரு புது வெற்றி போதும், கூட ஆள் இருக்கட்டும், ஆனால் யாரும் உற்றுப் பார்க்கக்கூடாது என்று. அம்மாவால் அது முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள். ஒரு கவளம் இறங்கினால் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சில் எனக்கு அடுத்த கவளம் அடைத்துக்கொள்ளும்.

அப்பா தன் ஓய்வு நாளில் புதுச்சட்டியை எடுத்தார். இந்த முறை முட்டையை அம்மா கண்ணுக்கு முன்னாலேயே உடைத்தார், அவளும் வாயைத் திறக்கவில்லை. மாவைக் கரைத்து, கட்டி இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ரொம்பக் கலக்கினால் ரப்பர்தான் வருமாம். உள்ளங்கையளவுக்கு ஒன்றே ஒன்று ஊற்றினார். மேலே குமிழ் குமிழாகப் பொங்கி உடைந்ததும் ஒரே திருப்பு. தட்டில் வைத்து என் முன்னால் தள்ளிவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பெரிதாக வேலையும் இல்லை அங்கே. சட்டியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"ஏன்பா திரும்பி நிக்கிறீங்க?"

"கஸ்டமரு சாப்புடுறப்ப வாயப் பாக்கக் கூடாது. எங்க வேலையில அதான் மொத ரூலு. தட்டு திரும்பி வர்றப்ப பாத்தா போதும், எல்லாம் தெரிஞ்சிரும்."

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கால்வாசி தின்றேன். மெத்தென்று, லேசான இனிப்பாக, வெண்ணெய் மணத்தோடு இருந்தது. இறங்கியது. அங்கேயே தங்கியது. தட்டைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா மிச்சத்தைப் பார்த்தார். "ம்" என்றார். அடுத்த ஓய்வு நாளில் பாதி தின்றேன். நடுவில் ஒரு வாரம் ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை, அதற்கும் அதே "ம்" தான். மற்ற நாட்களில் அவர் மாவை மட்டும் கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார், நானே சுட்டுக்கொள்வேன். கருகியதும் உண்டு. ஒரு நாள் நான் அடுப்பில் நின்றபோது அம்மா வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அவளும் கற்றுக்கொண்டாள் என்று அன்று புரிந்தது. எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்று போனது.

மாசாயில் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் ஓட ஆரம்பித்தேன். கோடு கிடையாது, புல்லும் பள்ளமும்தான். விரட்ட இரண்டு நாய்கள் இருந்தன, அதற்குச் சம்பளமும் கேட்கவில்லை. மாதங்கள் ஓடின. மாதவிலக்கு திரும்பியது. டாக்டர் போட்டிக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார். குழுவுக்கான தேர்வு ஓட்டத்தில் யாரும் அழைக்காமல் போய் நின்றேன், இரண்டாவதாக வந்தேன். இனி எடுக்காமல் இருக்க முடியாதே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இது மறுபடியும் நடக்காது என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டுமாம்.

போன வருஷம் முட்டி உடைந்த ஒரு பெண்ணிடம் இப்படி யாராவது எழுதி வாங்கினார்களா என்று பயிற்றுநரைக் கேட்டேன். "என்னக் கேட்டா? எழுதிக் குடுத்துரு மா, வெறும் பேப்பரு தானே" என்றார். எழுதினேன். "மறுபடியும் வராது என்று என்னால் உறுதி தர முடியாது. வரலாம். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வந்தாலும் ஓடுவேன்." மலாயில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். பயிற்றுநர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். இந்த முறை மடித்துத் திருப்பித் தரவில்லை. பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, மேலே கொண்டுபோனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. பட்டியலில் என் பெயர் இருந்தது.

போட்டி நாள் காலையில் ஒன்றரை பேன்கேக் தின்றேன். கூடாரத்தில் உட்கார்ந்தபோது அது வந்தது. வராமல் இருக்குமா? விரல் மரத்தது, உதடு மரத்தது. வா, உட்காரு என்றேன். ஆலோசகர் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை மெதுவாக வெளியே விட்டேன், பாதத்தைத் தரையில் அழுத்தினேன். பக்கத்திலிருந்த பெண் என்னைப் பார்த்தாள். "பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்று அவளிடம் சத்தமாகவே சொன்னேன். வாந்தி வரவில்லை. இரண்டு சுற்றும் நெஞ்சு தட்டிக்கொண்டே இருந்தது, நானும் ஓடிக்கொண்டே இருந்தேன். எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தேன். பதக்கம் கிடையாது. கோட்டைத் தாண்டி விழுந்தபோது, உலகத்தையே ஏசித் தீர்த்தவள்போல எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அம்மா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லீவு போட்டு வந்திருந்தாள். அவள் பக்கத்தில் மெர்சிங்கிலிருந்து வந்த ஒரு அம்மா. அவர் மகள்தான் கூடாரத்தில் என் பக்கத்தில் இருந்தவள், ஏழாவதாக வந்திருந்தாள். நான் படியேறிப் போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"அஞ்சாவதா வந்தது ஒங்க பொண்ணுங்களா? முட்டி அடிபட்டு ஒரு வருஷமா ஓடலன்னு சொன்னாங்க. இப்ப நல்லாயிருச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

எனக்குத் தெரியும், என் அம்மா தொழிற்சாலையில், கோயிலில், சித்தியிடம், எல்லோரிடமும் முட்டி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். நான் பாரத்தில் என்ன எழுதினாலும் அவள் வாயை நான் எழுத முடியாதே. இப்போதும் அதையே சொல்லப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"முட்டியில ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "அவளுக்குப் பயம். பயம் வந்து சாப்பாடு எறங்காம கெடந்தா. டாக்டர்கிட்ட காட்டினோம். இன்னிக்கும் பயந்துக்கிட்டுதான் ஓடியிருப்பா."

அந்த அம்மா கீழே திடலில் தன் மகள் தனியாக உட்கார்ந்து காலணியைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எம்பொண்ணும் சரியா சாப்புட மாட்டேங்குதுங்க. ஓடணும்னா லேசா இருக்கணும்னு சொல்லுது. நல்லதுக்குத்தானேன்னு நானும் விட்டுட்டேன்."

என் அம்மா அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். விரதத்தைக் காலண்டரில் எண்ணியவள், குளிர்பெட்டியைக் கழுவியவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், என்னிடம் ஒரு நாளும் கேட்காததை அந்தப் பெண்ணுக்காகக் கேட்டாள்.

"எத்தன நாளா?"